இறவாரத்தில் ஐஸ் கட்டுகிறது: கேபிளா, இன்சுலேஷனா, எதை முதலில் செய்வது?

#1 · தென்றல்

குளிர் தொடங்கியதும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: கூரை ஓரத்தில் ஐஸ் கட்டி வீட்டுக்குள் ஒழுகுகிறது, ஹீட் கேபிள் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி) போட்டால் சரியாகிவிடுமா? ஒருவர் கேபிள் என்கிறார், இன்னொருவர் இன்சுலேஷன் என்கிறார், மூன்றாமவர் கூரையையே மாற்று என்கிறார். ஆளுக்கொரு வீட்டை மனதில் வைத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே வீட்டை வைத்துக்கொண்டு பேசுவோம்.

சீலிங் பரப்பு 100 சதுர மீட்டர். கூரைச் சரிவு 12க்கு 6, அதாவது கிடைமட்டத்தில் 12 போனால் 6 ஏறும். மேலே ஆஸ்பால்ட் ஷிங்கிள். இறவாரம் சுவரைத் தாண்டி 60 செ.மீ. வெளியே நீள்கிறது. அட்டிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடம்) தரையில் 15 செ.மீ. பழைய கண்ணாடிநார். வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே மைனஸ் 10. கூரைமேல் 30 செ.மீ. பனி. இறவாரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஐஸ், அதிலிருந்து விழுது விழுதாகத் தொங்குகிறது.

இங்கே எதில் முதலில் கை வைப்பது? அளவுகளோடு எழுதுங்கள்.

#2 · தச்சன்

சீலிங்கில். கூரையில் அல்ல.

ஐஸ் அணை உருவாக இரண்டு நிலைகள் ஒரே நேரத்தில் வேண்டும்: கூரைப் பலகையின் மேல்பகுதி பூஜ்யத்துக்கு மேலே, இறவாரம் பூஜ்யத்துக்குக் கீழே. வீட்டின் சூடு அட்டிக்குக்கு ஏறிப் பலகையைச் சூடாக்குகிறது. பனியின் அடிப்பக்கம் உருகி, பனிக்கும் ஷிங்கிளுக்கும் நடுவே தண்ணீராக இறங்குகிறது. சுவரைத் தாண்டியதும் கீழே சூடான அட்டிக் இல்லை, வெறும் இறவாரம்தான். அங்கே உறைகிறது. அடுத்து வரும் தண்ணீர் அதன்மேல் உறைகிறது. இரண்டு மூன்று நாளில் வரப்பு கட்டின மாதிரி ஆகி, அதன் பின்னால் குளம் நிற்கும்.

ஷிங்கிள் நீர் புகாத விரிப்பு இல்லை என்பதை மனதில் வையுங்கள். மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், மேலிருந்து கீழே ஓடும் தண்ணீரை மட்டும் தள்ளிவிடும். தேங்கின தண்ணீர் செதிலுக்கடியில் பின்னோக்கி ஏறி ஆணித்துளையில் இறங்கும், பலகை இணைப்பில் இறங்கும். அங்கிருந்து கைமரத்தை ஒட்டியே வழிந்து, சுவர் தொடங்கும் இடத்தில் சீலிங்கில் மஞ்சள் கறையாகத் தெரியும். கறைக்கு நேர் மேலே ஓட்டை தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. பீலிதான் (கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்) ஐஸைக் கொண்டுவருகிறது என்று அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. பீலி இல்லாத வீட்டிலும் அணை கட்டும்.

#3 · சாரல்

ஒரு கணக்குப் போட்டேன். 15 செ.மீ. கண்ணாடிநாரின் வெப்பத்தடை (எண் கூடினால் சூடு குறைவாகக் கடக்கும்) மெட்ரிக் அலகில் ஏறத்தாழ 3.5. உள்ளும் வெளியும் 30 டிகிரி வித்தியாசம். 100 × 30 ÷ 3.5 = 857 வாட். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் நாளொன்றுக்கு 220 லிட்டர் தண்ணீர் இறவாரத்துக்கு வருகிறது. சரியா?

#4 · அளவுகோல்

அணுகுமுறை சரி, விடை சரியில்லை. பனியே ஓர் இன்சுலேஷன் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் பிரச்சினையின் கருவும் அதுதான்.

படிந்த பனியின் வெப்பத்தடை அதன் இறுக்கத்தைப் பொறுத்து மாறும், 30 செ.மீ.க்கு 3 என்று வைப்போம். அப்படியானால் கூரைப் பலகை இரண்டு போர்வைகளுக்கு நடுவே இருக்கிறது: கீழே 3.5, மேலே 3. மொத்த 30 டிகிரியில் பனியின் பங்கு 30 × 3 ÷ 6.5, அதாவது 13.8. பலகையின் வெப்பம் மைனஸ் 10 கூட்டல் 13.8 = பிளஸ் 3.8. உருகும்.

இப்போது பனி 15 செ.மீ. மட்டும் என்று வையுங்கள், தடை 1.5. பலகை மைனஸ் 1. உருகாது! அதே வீடு, அதே குளிர், பனி பாதி. "போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே, இந்த வருடம் மட்டும் ஏன்" என்பதற்கு இதுதான் விடை.

இனி அட்டிக்கில் தடையை 10க்கு உயர்த்துங்கள். 30 செ.மீ. பனி இருந்தும் பலகை மைனஸ் 3.1. உருகாது.

உங்கள் லிட்டர் கணக்குக்கு வருகிறேன். உருகும்போது பலகை பூஜ்யத்தில் நிற்கும். கீழிருந்து சதுர மீட்டருக்கு 20 ÷ 3.5 = 5.7 வாட் வருகிறது; பனி வழியே 10 ÷ 3 = 3.3 வாட் வெளியேறுகிறது. மீதி 2.4 வாட்தான் உருக்குகிறது. 100 சதுர மீட்டருக்கு 238 வாட், நாளுக்குச் சுமார் 60 லிட்டர். 220 இல்லை. ஆனால் 60 லிட்டரும் ஒரு வாரம் ஓரத்திலேயே உறைந்தால் 400 கிலோவுக்கு மேல் ஐஸ்.

அட்டிக் காற்றோட்டத்தையும் வெயிலையும் விட்டுவிட்டேன். காற்றுக்கசிவையும் சேர்க்கவில்லை, அது வந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

#5 · வெண்ணிலா

காற்றுக்கசிவை விட்டுவிட்டேன் என்று அளவுகோல் ஒரு வரியில் போய்விட்டார். நான் அதிலேயே நிற்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அதுதான் முதல் குற்றவாளி. கண்ணாடிநார் சூட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. சீலிங்கில் ஓட்டை இருந்தால் 40 செ.மீ. கொட்டினாலும் சூடான காற்று அதனூடே ஏறிவிடும். ஆகவே வரிசை: முதலில் ஓட்டை அடைப்பு, பிறகு இன்சுலேஷன், அதற்குப் பிறகு காற்றோட்டம். மேலே கொட்டிய பிறகு ஓட்டை தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

எங்கே தேடுவது? பழைய கண்ணாடிநாரைக் கையால் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டியது சாம்பல் கறுப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தால், அதற்குக் கீழே ஓட்டை. வருடக்கணக்காக வீட்டுக் காற்று அதனூடே போய், தூசை வடிகட்டி விட்டிருக்கிறது. கடும் குளிர்நாளில் இன்னோர் அடையாளம்: ஷிங்கிள் ஆணிகளின் முனை அட்டிக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் வெள்ளை உறைபனி பூத்திருந்தால் ஈரக்காற்று மேலே வந்துகொண்டிருக்கிறது.

அடைக்க வேண்டியவை: உட்சுவர்களின் மேல்சட்டத்துக்கும் சீலிங் பலகைக்கும் இடையே உள்ள நீளமான கீற்று, வயர் போகும் துளைகள், கழிவுநீர்க் காற்றுக்குழாயைச் சுற்றிய வளையம், அலமாரிகளுக்கும் குளியலறைக்கும் மேலே இறக்கிக் கட்டிய பொய் சீலிங். கடைசியில் சொன்னதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். அதன் மேல்பக்கம் திறந்தே கிடக்கும், அரை ஆள் புகலாம். அதற்கு 50 மி.மீ. விறைப்பான ஃபோம் பலகையை வெட்டி வைத்து ஓரங்களை ஸ்ப்ரே ஃபோமால் பூசுங்கள். 5 மி.மீ.க்குக் கீழுள்ள கீற்றுக்கு சீலண்ட், அதிலிருந்து 3 செ.மீ. வரை ஸ்ப்ரே ஃபோம், அதற்கு மேல் பலகை.

அட்டிக் கதவுக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டை, மேலே 50 மி.மீ. ஃபோம் பலகை இரண்டு அடுக்கு, இழுத்துப் பிடிக்க இரண்டு கொண்டி. கொண்டி இல்லாமல் ரப்பர் அழுந்தாது.

#6 · சாரல்

அளவுகோல், திருத்தத்துக்கு நன்றி. வெண்ணிலா அக்கா, புகைபோக்கியைச் சுற்றியும் அதே ஸ்ப்ரே ஃபோம்தானா? சீலிங்குக்குள் புதைத்த விளக்குகளுக்கு?

#7 · வெண்ணிலா

புகைபோக்கிக்கு ஃபோம் கூடவே கூடாது, எரியும். செங்கல் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் 50 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளியை இரும்புத் தகட்டால் மூடுங்கள். தகட்டை எல் வடிவில் மடித்து மரச்சட்டத்தில் அறைந்து, செங்கலைத் தொடும் விளிம்பில் உயர்வெப்ப சீலண்ட் பூசுங்கள். தகட்டுக் குழாய்ப் புகைபோக்கி என்றால் அதற்கென்று வரும் தடுப்பு வளையமும் இடைவெளி அளவும் தயாரிப்புத் தாளில் இருக்கும்.

பழைய புதை விளக்குகள் இன்சுலேஷனிலிருந்து 75 மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும். அந்தப் பள்ளம்தான் சூடு ஏறும் கிணறு. காற்றுப்புகாத, இன்சுலேஷன் தொடத் தகுதி பெற்ற எல்.இ.டி. விளக்காக மாற்றிவிடுவதே நல்லது.

குளியலறை ஃபேனின் குழாய் அட்டிக்குக்குள் முடிந்தால் எல்லா வேலையும் வீண். கூரை வழியாகவோ பக்கச்சுவர் வழியாகவோ வெளியே போக வேண்டும், இன்சுலேஷன் சுற்றிய குழாயாக. சாஃபிட்டில், அதாவது காற்றுத் திறப்புகள் உள்ள இறவார அடிப்பலகையில், முடிக்காதீர்கள்: வெளியே விட்ட ஈரக்காற்றைப் பக்கத்து வென்ட் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய அட்டிக்கில் மினுங்கும் சிறு கூழாங்கல் மாதிரி வெர்மிகுலைட் கிடந்தால் தொடாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். மாதிரி எடுத்துச் சோதித்த பிறகுதான் எந்த வேலையும். பீங்கான் குமிழில் ஓடும் பழங்கால வயரிங் இருந்தாலும் அதன்மேல் இன்சுலேஷன் கொட்டக் கூடாது.

#8 · தச்சன்

இன்சுலேஷன் கொட்டும்போது நடக்கும் பெரிய தவறு இறவார ஓரத்தில். கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் உயரம் குறைவு, பல வீடுகளில் ஒரு சாண்கூட இராது. அங்கே அடைத்துத் திணித்தால் சாஃபிட் காற்று நின்றுவிடும். திணிக்காமல் விட்டால் சுவருக்கு நேர்மேலே, அணை கட்டும் அதே வரிசையில், சூடு கசியும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு கைமர இடைவெளியிலும், இன்சுலேஷனைத் தள்ளி நிறுத்திக் காற்றுக்கு வழிவிடும் தடுக்கு. கூரைப் பலகைக்கும் தடுக்குக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ., முடிந்தால் 50 மி.மீ. வழி. தடுக்கு இன்சுலேஷனின் மேல்மட்டத்தைத் தாண்டி ஏற வேண்டும், இல்லையென்றால் கொட்டியது வழியை மூடிவிடும். சுவரின் வெளிவிளிம்பில் ஒரு பலகைத் துண்டை நிறுத்தி ஓரங்களை ஃபோமால் அடையுங்கள். காற்று இன்சுலேஷனுக்குள் நுழைந்து சூட்டைக் கழுவிக்கொண்டு போகாது. உயரம் மிகக் குறைவாயிருந்தால் அந்த ஓரத்துக்கு மட்டும் மூடுசெல் ஸ்ப்ரே ஃபோம். அதே தடிப்பில் கண்ணாடிநாரைவிட ஏறக்குறைய இருமடங்கு தடை தரும்.

தடை 10 எட்ட, ஊதிக் கொட்டும் செல்லுலோஸ் என்றால் 40 செ.மீ. சொச்சம். கண்ணாடிநார்த் தூள் என்றால் 55 முதல் 60 செ.மீ. இருக்கிற 15 செ.மீ. உலர்ந்திருந்தால் அதன்மேலேயே கொட்டலாம்.

#9 · ஓடு

கூரை முகட்டில் வென்ட் (காற்றுத் திறப்பு) நிறையப் போட்டால் அட்டிக் குளிர்ந்துவிடும், இவ்வளவு அடைப்பு வேலை எதற்கு? கூரை மாற்றுகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

#10 · தச்சன்

அதுதான் தலைகீழ் வேலை. சீலிங் ஓட்டையாக இருக்கும்போது மேலே வென்ட்டைக் கூட்டினால் அது வீட்டுக் காற்றை இன்னும் வேகமாக உறிஞ்சும். மின்விசிறி வைத்த அட்டிக் வென்ட் அதைவிட மோசம். 30 செ.மீ. பனி முகட்டை மூடினால் வென்ட்டின் ஓட்டமும் குறைகிறது. மிச்சமாகக் கசியும் சூட்டை அள்ளிப்போகவும் ஈரத்தை வெளியேற்றவும்தான் காற்றோட்டம்.

அளவு: சீலிங் பரப்பில் 300ல் ஒரு பங்கு திறப்பு. 100 சதுர மீட்டருக்கு 3,300 சதுர செ.மீ. பாதி சாஃபிட்டில், பாதி முகட்டில். முகட்டு வென்ட் மீட்டருக்கு 380 சதுர செ.மீ. தருவதானால் 4.4 மீட்டர் போதும். வலையும் தகடும் போக மிஞ்சும் நிகரத் திறப்பு பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சாஃபிட் ஒருபோதும் முகட்டைவிடக் குறையக் கூடாது. சீலிங்கில் ஈரத்தடுப்புத் தாள் இல்லாத வீடு, அல்லது மேல்கீழ்ப் பங்கு சரியாக அமையாத வீடு என்றால் 150ல் ஒரு பங்கு.

#11 · மின்கம்பி

இந்தப் பேச்சில் கேபிளை ஆகாதவன் ஆக்கிவிடாதீர்கள். அட்டிக்கே இல்லாத சரிவுச் சீலிங், இரண்டு கூரை சேரும் பள்ளம், வடக்குப் பார்த்த மூலை, இப்படி உள்ளே கை நுழையாத இடங்களுக்கு அதுதான் வழி. ஆனால் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து போடுங்கள். அது ஐஸைத் தடுப்பதில்லை. ஐஸுக்கு நடுவே தண்ணீர் இறங்க ஒரு வாய்க்காலைத் திறந்து வைக்கிறது.

எடுத்துக்காட்டு வீட்டில் 10 மீட்டர் இறவாரத்துக்கு: கேபிள் முக்கோணமாக வளைந்து ஏற வேண்டும், நுனி வெளிச்சுவரின் கோட்டைத் தாண்டி 30 செ.மீ. மேலே போக வேண்டும். சரிவு நீளத்தில் சுமார் 1 மீட்டர். முக்கோணத்தின் அடி 60 செ.மீ. ஏறவும் இறங்கவும் 1.04 மீட்டர் வீதம் 2.1 மீட்டர், இறவாரத்தின் ஒரு மீட்டருக்கு 3.5 மீட்டர் கேபிள். 10 மீட்டருக்கு 35. பீலிக்குள் 10. இறக்குக் குழாய்க்குள் இறங்கித் திரும்ப 6. மொத்தம் 51 மீட்டர். மீட்டருக்கு 20 வாட் என்றால் ஏறத்தாழ 1,000 வாட்.

தன்னைத்தானே கட்டுப்படுத்தும் வகையை வாங்குங்கள். நிலையான வாட் வகை தன்மேல் தானே குறுக்கிட்டால் அந்த இடம் வெந்துபோகும். சருகு மூடினாலும் அப்படியே. தன்கட்டுப்பாட்டு வகை குளிரில் முதன்முதலாக ஓடும்போது சில நிமிடம் அதிக மின்னோட்டம் இழுக்கும், பிரேக்கரை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனிச் சுற்று, 30 மில்லியாம்பியர் நிலக்கசிவுப் பாதுகாப்பு, வெப்பமும் ஈரமும் பார்த்து இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. நீட்டிப்பு வயர் கூடாது. ஷிங்கிளை ஆணியால் துளைக்காமல், அதன் விளிம்பைக் கவ்வும் கிளிப் போடுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை: கூரையில் போட்டுவிட்டு இறக்குக் குழாயை மறப்பது. உருகின தண்ணீர் குழாயில் உறைந்து, பீலி நிறைந்து, அடுத்த நாள் மீண்டும் கூரையில் நிற்கும். கேபிள் தண்ணீர் வெளிவரும் வாய்வரைக்கும் போக வேண்டும். பனி விழும் முன்பே ஆன் செய்ய வேண்டும்; கட்டிய அணைக்கு மேல் விரித்தால் அது உட்கார்ந்த இடத்தில் ஒரு பொந்து போட்டுவிட்டு நிற்கும்.

#12 · அளவுகோல்

மின்கம்பி சொன்ன 1,000 வாட்டை என் 238 வாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து தப்பும் 238 வாட் செய்யும் கேட்டைச் சமாளிக்க வெளியே 1,000 வாட் எரிக்கிறோம். நாள் முழுக்க ஓடினால் 24 யூனிட். உள்ளே கை நுழையும் வீட்டில் கேபிள் முதல் தேர்வாக இருக்கவே முடியாது.

#13 · மின்கம்பி

அதில் உங்களோடு முழு உடன்பாடு.

#14 · தச்சன்

கூரை மாற்றும் காலம் வந்தால் மட்டும்: ஷிங்கிளுக்கு அடியில் தானே ஒட்டும் பிட்டுமன் மெம்பிரேன். ஆணி துளைத்தாலும் ஆணியை இறுக்கிப் பிடித்து மூடிக்கொள்ளும். அணை கட்டுவதை இது நிறுத்தாது. கட்டினாலும் தண்ணீரை உள்ளே விடாது.

எவ்வளவு உயரம்? அமெரிக்க வீட்டுக் கட்டட விதியான ஐ.ஆர்.சி., ஐஸ் அணை வரும் பகுதிகளில், இறவார நுனியிலிருந்து வெளிச்சுவரின் உட்கோட்டைத் தாண்டி ஏறத்தாழ 600 மி.மீ. உள்ளே வரை கேட்கிறது. அந்த 600ஐக் கிடைமட்டத்தில் அளக்க வேண்டும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். நம் வீட்டில் இறவாரம் 600, சுவர் 150, உள்ளே 600, மொத்தம் 1,350 கிடைமட்டத்தில். 12க்கு 6 சரிவுக்கு 1.118ஆல் பெருக்கினால் கூரைமேல் 1,510 மி.மீ. சுருள் அகலம் 914 மி.மீ. ஒரு வரிசை போட்டால் சுவரின் உட்கோட்டைக்கூடத் தாராளமாகத் தாண்டாது; இரண்டு வரிசை, 90 மி.மீ. மேற்படிவு, முனைகளில் 150 மி.மீ. மேற்படிவு. "மெம்பிரேன் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும் பல கூரைகளில் ஒரே வரிசைதான் இருக்கிறது.

பள்ளங்களில் முழு நீளத்துக்கும், புகைபோக்கி, கூரைச் சன்னல் சுற்றிலும் அதே தாள். 76 செ.மீ.க்கு மேல் அகலமான புகைபோக்கிக்கு மேல்பக்கம் சிறு முகடு கட்டித் தண்ணீரை இரு பக்கம் பிரித்துவிட வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான தாள்கள் சரியாக ஒட்டாது, ஆகவே இலையுதிர் காலத்துக்குள் முடியுங்கள். கூரை முழுவதையும் இதால் மூடினால் பலகை மேல்நோக்கி உலரவே முடியாது; அட்டிக் காற்றோட்டம் சரியாக இருந்தால் மட்டும் செய்யலாம்.

பீலி பற்றி ஒரு வார்த்தை. கொக்கிகள் 60 செ.மீ. இடைவெளியில் இருந்தால் 40க்குக் குறையுங்கள், ஆணி அல்ல, திருகாணி. பீலியின் வெளிவிளிம்பு கூரைச் சரிவின் நேர்கோட்டுக்குக் கீழே இருக்கட்டும். வழுக்கும் பனி அதன்மேலாகப் பறந்துவிடும், பிய்த்துக்கொண்டு போகாது.

#15 · ஓடு

ஐஸ் இருக்கட்டும், பனியின் எடை? எத்தனை அடி வரை பயப்பட வேண்டாம்?

#16 · அளவுகோல்

அடியில் சொல்ல முடியாது. புதுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம், படிந்தது 200 முதல் 300, ஈரப்பனி 400ஐத் தாண்டும், ஐஸ் 917. நம் 30 செ.மீ. படிந்த பனி என்றால் சதுர மீட்டருக்கு 60 கிலோ. ஈரப்பனி என்றால் 120. பனிமேல் 25 மி.மீ. மழை பெய்து அதிலேயே ஊறினால் இன்னும் 25 கிலோ, உயரம் ஒரு விரல்கூடக் கூடாமல். உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். உங்கள் கூரை எவ்வளவு தாங்க வடிவமைக்கப்பட்டது என்பது கட்டட வரைபடத்தில் இருக்கும்.

எடை அறிய எளிய வழி: 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய்த் துண்டை, ஆள் ஏறாமல் எட்டக்கூடிய தாழ்ந்த கூரை ஓரத்தில் அடிவரை செங்குத்தாக இறக்குங்கள். உள்ளே நின்ற பனியை ஒரு பையில் கொட்டி நிறுங்கள். கிராமை 0.127ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 480 கிராம் வந்தால் 61 கிலோ. உயரமான சுவரை ஒட்டிய தாழ்ந்த கூரையில் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி மற்ற இடத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உயரும், அங்கே தனியாகப் பார்க்க வேண்டும்.

மேல்மாடி உட்கதவுகள் திடீரென இறுகிக்கொள்வது, சீலிங் பலகை தொய்வது, புதிய விரிசல், மரம் முறியும் சத்தம்: இவற்றில் எது தெரிந்தாலும் பனியை அள்ளப் போகாமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

#17 · தச்சன்

அள்ளுவதைப் பற்றி. தரையில் நின்று, நீளக் கம்பு வைத்த கூரை ரேக்கால். அலகின் கீழே சிறு சக்கரம் உள்ளதாகப் பாருங்கள், ஷிங்கிளைத் தொடாமல் ஓடும். அடியில் 3 முதல் 5 செ.மீ. பனியை விட்டுவிடுங்கள். குளிரில் ஆஸ்பால்ட் அப்பளம் மாதிரி நொறுங்கும். மண்வெட்டி, கோடரி, சுத்தியல் எதுவும் வேண்டாம். நேராகக் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மின்கம்பி அருகே போனால் 3 மீட்டருக்குள் ரேக்கைக் கொண்டுபோகக் கூடாது, அலுமினியம்.

கீழே ஒரு மீட்டர் மட்டும் வாரினால், மிச்சப் பனியின் விளிம்பில் இரண்டாவது அணை கட்டும் வாய்ப்பு உண்டு. ஆகவே எட்டும் மட்டும் வாருங்கள், ஒவ்வொரு 15 செ.மீ. பனிக்கும் ஒருமுறை. எடைக்காக வாரினால் இரு சரிவிலும் மாறி மாறி. ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் முழுச் சுமை என்றால் சட்டம் திருகும்.

வாரி முடித்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை. சுவரிலிருந்து வெளிவரும் ஹீட்டர் புகைக்குழாயும் காஸ் மீட்டரும் நீங்கள் தள்ளிய பனியிலேயே புதைந்திருக்கும். புகைக்குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். கையால் தோண்டித் திறந்துவிடுங்கள்.

#18 · சாரல்

இப்போதே ஒழுகிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு? நடு இரவு, ஆள் கிடைக்காது.

#19 · வெண்ணிலா

அந்த அறையின் பிரேக்கரை அணையுங்கள். சீலிங் பெயின்ட் தொப்பை போட்டிருந்தால் கீழே வாளி வைத்து, மிகத் தாழ்ந்த புள்ளியில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சிறு துளை. இல்லையென்றால் பலகை மொத்தமாக விழும். அட்டிக்கில் நிற்கத் தோதான பலகை இருந்தால், மேசை விசிறி ஒன்றைக் கசியும் இடத்தை நோக்கி வையுங்கள். அட்டிக் காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கசியும் தண்ணீர் அங்கேயே உறைந்து தன் வழியைத் தானே மூடிக்கொள்ளும். தற்காலிகம்தான், ஆனால் விடியும்வரை தாங்கும்.

காலையில் நைலான் காலுறையின் ஒரு காலில் கால்சியம் குளோரைடு குருணையை நிரப்பி முடிச்சுப் போடுங்கள். ரேக்கின் கம்பால் தூக்கி, அணைக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக வையுங்கள். நுனி பீலிக்கு மேல் சற்றுத் தொங்கட்டும். சில மணி நேரத்தில் அது தன் அடியில் ஒரு வாய்க்கால் அறுத்துக் குளத்தை வடிக்கும். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. சாதாரண உப்பு வேண்டாம்: மைனஸ் 9க்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது, பீலியையும் ஆணியையும் அரிக்கும், கீழே செடிகள் கருகும். கால்சியம் குளோரைடும் உலோகத்துக்கு நல்லதல்ல, ஆனால் மைனஸ் 25லும் உருக்கும்.

முழு அணையையும் எடுக்க ஆள் அழைத்தால், குறைந்த அழுத்த நீராவி பயன்படுத்துகிறார்களா என்று முதலில் கேளுங்கள். உயர் அழுத்த வெந்நீர் ஷிங்கிளின் மணலைச் சீவி எடுத்துவிடும்.

நனைந்த இன்சுலேஷனை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வெளியே எடுங்கள், பூஞ்சணம் அதற்குமேல் காத்திருக்காது. கண்ணாடிநார்ப் பாளத்தை உலர்த்தித் திரும்ப வைக்கலாம். கட்டிதட்டின செல்லுலோஸ் திரும்ப உப்பாது, புதிது கொட்டுங்கள்.

#20 · ஓடு

தகரக் கூரைக்கு இதெல்லாம் பொருந்துமா?

#21 · தச்சன்

அணை கட்டும் காரணம் ஒன்றேதான், சீலிங் வேலையும் ஒன்றேதான். கூடுதல் ஆபத்து வழுக்கல்: டன் கணக்கான பனி ஒரே நொடியில் இறங்கும், காற்றுக்குழாயைக்கூட வேரோடு ஒடிக்கும். வாசலுக்கு மேல் பனித்தடுப்பு வேண்டும். இரண்டு மூன்று துண்டுகளை இறவார நுனியில் மட்டும் அறைந்தால் முழுச் சுமையும் அவற்றிலேயே நின்று பிய்ந்துவரும். சரிவு நீளமாயிருந்தால் பல வரிசைகள், கீழ்வரிசை சுவருக்கு நேர் மேலே. நின்ற மடிப்புத் தகடு என்றால் துளைக்காமல் மடிப்பைக் கவ்வும் வகை.

#22 · தென்றல்

சரி, சீலிங் அடைப்பு முடிந்தது. வேலை செய்ததா என்று பெரும் பனிக்காகக் காத்திருக்காமல் எப்படிப் பார்ப்பது?

#23 · வெண்ணிலா

பெரும் பனி வேண்டாம். இரண்டு மூன்று செ.மீ. விழுந்த மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். வட்டமாக ஒரே இடத்தில் உருகியிருந்தால் அதற்குக் கீழே ஒரு தனிக் கசிவு: குழாய், விளக்கு, ஃபேன். கைமரங்களின் கோடுகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் இன்சுலேஷன் இருக்கிறது, மரம் வழியாகச் சூடு கடத்துகிறது. கைமரங்களின்மேல் பனி நின்று இடைவெளிகள் உருகியிருந்தால் இடையில் இன்சுலேஷன் இல்லை, அல்லது சரிந்து போயிருக்கிறது. இந்த இரண்டு கோடுகளும் சரிவுச் சீலிங்கில்தான் தெளிவாகத் தெரியும். சுவரை ஒட்டி நீளப் பட்டையாக உருகியிருந்தால் தச்சன் சொன்ன அந்த ஓர இடுக்குதான்.

படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் முனையிலிருந்து அந்த வட்டம் எத்தனை கைமரம் தள்ளி என்று எண்ணி, அட்டிக்குக்குள் அதே எண்ணிக்கையில் போய் இன்சுலேஷனை விலக்கினால் ஓட்டை அங்கே இருக்கும். அடைத்துவிட்டு, அடுத்த மெல்லிய பனியில் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுங்கள்.